தூத்துக்குடிக்குப் பத்திரத்தோடு போகிறவர்களுக்கு

மக்ரூனை எந்தக் கடையில் வாங்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வாங்கிப் போட்ட மனை ஏதாவது ஊரில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து 12 நாள் லீவில் போனேன். பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற இரண்டு நாள் போதும் என்று நினைத்திருந்தேன். ஒன்பது நாள் அதிலேயே போனது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

ஊர் பெருத்ததுதான் காரணம். 2001 கணக்கெடுப்பில் தூத்துக்குடியில் 2.16 லட்சம் பேர், 2011இல் 2.38 லட்சம். பெரிய வளர்ச்சி ஒன்றும் இல்லையே என்று தோன்றும். ஆனால் 2008இல் மாநகராட்சியான ஊர், மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, தூத்துக்குடி ஊரகம் என ஐந்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. அவற்றையும் கூட்டினால் அதே 2011 கணக்கு 3.7 லட்சத்தைத் தாண்டுகிறது. அப்பாவின் ஐந்து சென்ட்டும் அப்படித்தான் டவுனுக்குள் வந்தது. நான் சின்ன வயதில் பார்த்தபோது அது வெறும் உடங்காடு, முள்மரக் காடு.

1986ஆம் வருடப் பத்திரத்தில் கிராமத்து சர்வே எண்தான் இருக்கிறது. முதல் அலுவலகத்தில், "இது இப்ப டவுன்ல வருது, டி.எஸ். நம்பர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். நகர சர்வே எண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடுத்த அலுவலகத்தில், "உங்க ஏரியா எங்க ரெஜிஸ்டர்ல ஏறலையே, அங்கயே கேளுங்க." இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஒரு சென்ட் வாங்கியிருக்கலாம். சரி, மிகைதான். ஏழாவது நாள் ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஃபாரினா சார்?" என்றார். அதற்குப் பிறகு வேலை இன்னும் மெதுவானது.

அதனால், கிளம்பும் முன்பே அரசின் இணையதளத்தில் உங்கள் இடம் கிராமக் கணக்கில் இருக்கிறதா, நகரக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கமும் இருக்கிற இடத்திலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழ் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். உங்களுக்குப் பதிலாக வேலையை முடிக்க யாருக்காவது பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதாக இருந்தால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

அப்புறம், சொந்தக்காரரிடம் "உனக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டுவிடாதீர்கள்.

சித்தப்பா மகனிடம் நான் கேட்டேன். எங்கள் மனைக்குப் பதினோரு வருடமாக அவன் கட்டிய தீர்வை ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மிதந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் போய் எங்கள் எல்லைக் கல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவன் அவன். அப்பாவின் காரியத்துக்கே நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். என் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் சித்தி போன் செய்தார்: "ரோட்டுப் பக்கம் ஒரு சென்ட்டு அவனுக்கு எழுதிக் குடுத்துருப்பா." அது மனையின் வாசல் பக்கம். கோபம் வந்தது. இரண்டு நாள் அவர்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

கடைசி நாள் முத்துநகர் எக்ஸ்பிரசில் ஏற்றிவிட அவனே வந்தான். என் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான், ரசீதுக் கட்டை என் கையில் வைத்தான். வண்டி நகரும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே கேட்டான்: "பவரு யாரு பேருக்குண்ணே எழுதப் போறீய?"

போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன் என்றேன்.