மருத்துவக் கஞ்சாவைக் கத்தரித்துத் தரம் பிரிக்கும்போது

கனடாவில் அந்நாட்டின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவிடம் பதிவு செய்து, தம் சிகிச்சைக்கென மருத்துவக் கஞ்சாவை வளர்க்கும் நோயாளிகள், அறுவடைக்குப் பின் கத்தரிக்கும் வேலையை அவசரமாக முடிக்கக் கூடாது. மருந்துக் கூறுகளில் பெரும்பகுதி பூவின் மேலுள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகளில் இருப்பதாலும், அவை கை பட்டாலே உதிர்ந்துவிடுவதாலும், பூங்கொத்தைக் காம்பில் பிடித்துத் திருப்பியபடி, கூரிய சிறு கத்தரிக்கோலால் இலைகளை மட்டும் நறுக்க வேண்டும். நைட்ரைல் கையுறை அவசியம். கத்தரிக்கும்போது எழும் தூசி, ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடும் என்பதால் முகக்கவசமும் அணிய வேண்டும். கத்தரிக்கோலில் பிசின் படிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் தொடரலாம்.

தரம் பிரிப்பதில் அளவைவிடப் பூஞ்சணமே எனக்கு முதன்மையாகப் படுகிறது. பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணம் பெரும்பாலும் தடித்த பூங்கொத்தின் நடுவிலேயே தொடங்குவதால், வெளியே பழுதின்றித் தெரிந்தாலும், பெரியவற்றை நல்ல வெளிச்சத்தில் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே பழுப்போ சாம்பல் நிறமோ தென்பட்டால், கெட்ட பகுதியை மட்டும் வெட்டாமல் முழுக் கொத்தையும் அகற்றிவிடுங்கள். கீமோதெரபி போன்ற சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குப் பூஞ்சண வித்துகள் நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும். உலர்த்தும் முன்பே கத்தரிப்பவர்கள் அளவு வாரியாகவும் பிரித்துக்கொள்ளலாம். சிறிய கொத்துகள் முன்னதாகவே காய்ந்துவிடும்.