டூரிங் வண்டில (தூர பயணத்துக்கான பைக்ல) பெட்ரோல் டேங்கை தூக்குறது எப்படி – நீலகிரி ரைடர்ஸுக்கு

பிளக் மாத்தணும், ஏர் ஃபில்டர் பாக்கணும், எலி கடிச்ச வயர தேடணும்னு எதுக்கு போனாலும் நிறைய டூரிங் வண்டில முதல்ல டேங்க் தான் குறுக்க நிக்கும். அதுக்காகவே கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கி கடைல விட்டுட்டு பஸ்ல திரும்பி வர ஆளுங்கள பாத்துருக்கேன், அவ்ளோ பெரிய வேலை இல்லீங்க இது. டேங்க தூக்குறது லேசு, திரும்ப உக்கார வைக்குறப்போ அடியில போற ரெண்டு சின்ன டியூப்ல தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. அத பத்தி அப்புறம் சொல்றேன்.

முதல்ல பெட்ரோல். லிட்டருக்கு முக்கால் கிலோ வெயிட்டுன்னு வச்சுக்கோங்க, 15 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருந்தா பெட்ரோல் மட்டுமே 11 கிலோ, அதுவும் உள்ள அலசிகிட்டே இருக்கும், தூக்குனா ஒரு பக்கமா சாயும். ரெண்டு மூணு லிட்டர் இருக்கறப்போ பண்ணுங்க. நம்ம ஊர்ல சமமான இடம் கிடைக்குறதே பெரும்பாடு, வாசல்ல கூட சரிவா தான் இருக்கும், அதனால சென்டர் ஸ்டாண்டு இருந்தா நல்லது, இல்லன்னா ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு ஃப்ரண்ட் பிரேக் லீவர பழைய சைக்கிள் டியூப்ல இறுக்கி கட்டிட்டு வீலுக்கு ஒரு கல்லு குடுங்க.

குளுருதுன்னு ஷெட்டுக்குள்ள கதவ சாத்திட்டு ஹீட்டர் போட்டுகிட்டு பண்ண வேணாம். பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போகும். பின்னாடி விறகு பாய்லர்ல வெந்நீர் காயுற வீடு இங்க எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அது அணைஞ்ச அப்புறம் வெளிய வெச்சு பண்ணுங்க, இன்ஜினும் ஆறியிருக்கணும்.

எஃப்ஐ வண்டின்னா (கார்புரேட்டர் இல்லாம, பம்ப் வெச்சு பெட்ரோல பீச்சுற வண்டி) பேட்டரி வயர கழட்டுற அவசரத்துல இருக்காதீங்க. பெட்ரோல் லைன்ல கிட்டத்தட்ட 3 பார் பிரஷர் நிக்கும், அப்படியே டியூப்ப புடுங்குனா மூஞ்சில அடிக்கும். பம்ப்போட கப்ளர (வயர் கனெக்டர) கழட்டிட்டு (கை எட்டலன்னா பம்ப் ஃபியூஸ எடுத்துட்டு) வண்டிய நியூட்ரலுக்கு மாத்தி ஸ்டார்ட் பண்ணுங்க, லைன்ல இருக்கறத குடிச்சுட்டு தானா ஆஃப் ஆயிரும், அதுக்கப்புறம் சாவி ஆஃப், பேட்டரி மைனஸ் கழட்டுறது. கார்புரேட்டர் வண்டிக்கு இந்த தலைவலி இல்ல, பெட்ரோல் டேப்ப (திருகு குழாய) மூடுனா போதும்.

சீட்ட எடுத்துட்டா பெரும்பாலான வண்டில டேங்குக்கு பின்னாடி ஒண்ணோ ரெண்டோ போல்ட் தெரியும், முன்பக்கம் வெறும் ரப்பர்ல சொருகி உக்காந்துருக்கும். சில சுசுகி வண்டில இதுக்கு நேர் தலைகீழ், முன்னாடி போல்ட்ட கழட்டி முன்பக்கத்த தூக்கி நிறுத்தணும், அதுக்கு ஒரு கம்பியே கம்பெனில குடுத்துருப்பாங்க. எதுன்னு ஓனர் மேனுவல்ல பாத்துக்கோங்க. போல்ட்டோட வர வாஷர், காலர், ரப்பர் எந்த வரிசைல இருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு எல்லாத்தையும் மூடி உள்ள டப்பால போடுங்க, திறந்து வெச்சா குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கம் குடியிருக்கவங்களுக்கு குரங்கு என்ன பண்ணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்போ ரெண்டு இன்ச் மட்டும் தூக்கி டார்ச் அடிச்சு அடியில பாருங்க, எந்த வயரு எந்த டியூபு இழுபடுதுன்னு தெரியாம மேல தூக்காதீங்க. எட்டுற வேலைன்னா முழுசா கழட்டவே வேணாம், ஒரு சில்வர் ஓக் ரீப்பர் (மரச்சட்டம்) துண்டுல பழைய டவல் சுத்தி ஃப்ரேமுக்கும் டேங்குக்கும் நடுவுல முட்டு குடுங்க, பம்ப் மேலயோ வயர் மேலயோ முட்டு படக்கூடாது. ஹேண்டில்பார் பக்கமும் ஒரு துணி போட்டுருங்க, பெயிண்ட் போச்சுன்னா மனசு கேக்காது.

முழுசா கழட்டணும்னா பெட்ரோல் டியூப் கனெக்டருக்கு கீழ துணி வெச்சுட்டு லாக்க அமுக்கி இழுங்க, கொஞ்சம் சொட்டும். ஜனவரில ஊட்டில உறைபனி விழுற காலைல இந்த பிளாஸ்டிக் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும், கட்டிங் பிளேயர் போட்டு நெம்புனா உடைஞ்சுரும், வெந்நீர்ல நனைச்ச துணிய கொஞ்ச நேரம் சுத்தி வெச்சா வழிக்கு வரும்.

இப்போ அந்த ரெண்டு டியூப். ஒண்ணு டேங்க் மூடிய சுத்தி தேங்குற மழை தண்ணிய கீழ விடுறது, இன்னொன்னு டேங்க் மூச்சு விடுறது. தண்ணி டியூப் மண்ணு அடைச்சா ஐப்பசி கார்த்திகை மழைல தண்ணி நேரா டேங்குக்குள்ள போகும். இப்போ வர பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் இருக்கு, அது தண்ணிய இழுத்துக்கும், அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து தனியா பிரிஞ்சு அடியில, அதாவது பம்ப் உறிஞ்சுற இடத்துலயே போய் உக்காந்துரும். அதனால டேங்க் கையில இருக்கறப்பவே டியூப்ப கழட்டி ஊதி பாருங்க, டேங்க் பக்கத்து துளைல மெல்லிசா ஒரு நைலான் நரம்பு விடுங்க.

மூச்சு டியூப் மலைக்கு இன்னும் முக்கியம். ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு தான். கீழ இருந்து ஏறுறப்போ டேங்க் வெளிய ஊதணும், இறங்குறப்போ உள்ள இழுக்கணும், பெட்ரோல் குறைய குறைய எப்பவுமே உள்ள இழுத்துகிட்டே இருக்கணும். டேங்க வைக்குறப்போ இந்த டியூப் ஃப்ரேமுல நசுங்குச்சுன்னா வண்டி வீட்டு வாசல்ல நல்லா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போனதும் திணறி நின்னுரும், மூடிய திறந்தா புஸ்ஸுனு சத்தம், திரும்ப ஓடும். ஆளுங்க பம்ப் போச்சுன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்றது இங்க தான். பிஎஸ்6 (புது புகை விதி) வண்டில மூச்சு டியூப் கேனிஸ்டருக்கு (பெட்ரோல் ஆவிய புடிச்சு வெக்குற டப்பாவுக்கு) போகும், ரெண்டையும் மாத்தி சொருகிராதீங்க, கழட்டறப்பவே ஒண்ணுல டேப் ஒட்டிருங்க.

திரும்ப வைக்குறப்போ முன் ரப்பர்ல துளி சோப்பு தண்ணி தடவுனா வழுக்கிட்டு உள்ள போகும், ஆயில் வேணாம், ரப்பர் ஊதிரும். கனெக்டர் "டக்"னு சத்தம் கேக்குற வரைக்கும் தள்ளி ஒரு தடவ இழுத்து பாருங்க. போல்ட்ட முரட்டுத்தனமா முறுக்காதீங்க, ரப்பர் பிதுங்குனா அதிர்வு எல்லாம் டேங்குக்கு தான் போகும். பேட்டரி மாட்டி சாவிய மட்டும் ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணுங்க, பம்ப் ஓடி பிரஷர் ஏறுறப்போ கனெக்டர் அடியில காஞ்ச விரல் வெச்சு பாருங்க, ஈரம் இல்லன்னா நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில்பார ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க, ஆர்பிஎம் ஏறுச்சுன்னா ஆக்ஸிலேட்டர் கேபிள் டேங்குக்கு அடியில மாட்டிருக்குன்னு அர்த்தம், திரும்ப போல்ட்ட கழட்டி சரி பண்ணிட்டு தான் ரோட்டுக்கு எடுக்கணும்.