புதினாவை எல்லைக்குள் வளர்ப்பது எப்படி?

புதினாவை விதையில் தொடங்காதீர்கள். வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடுவதால், தாய்ச்செடியின் மணம் விதைச்செடியில் அப்படியே வராது. மணம் பிடித்த செடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், பூ வராத நுனித்தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்களாவது மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஓரிரு வாரத்தில் வேர் விடும். வேர் 3 செ.மீ. ஆனதும் நடலாம்.

புதினாவின் பலமெல்லாம் இந்தக் கணுவில்தான். மண்ணுக்குள்ளும் மேலும் ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும். பக்கத்தில் இருக்கும் மென்மையான செடிகளுக்கு வெளிச்சமும் ஈரமும் கிடைக்காமல் போகும். அதனால் நேரடியாகப் பாத்தியில் நடவே வேண்டாம். 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டி போதும். மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரே வகை. இரண்டு வகைகளைச் சேர்த்து நட்டால் வலுவானது மற்றதை அமுக்கிவிடும்.

தொட்டியை வெறும் மண்தரையில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அடித்துளை வழியாக வேரும் தண்டும் இறங்கி, வெளியே தெரியாமலே பரவும். செங்கல் மீதோ ஓடு மீதோ வையுங்கள். பாத்தியில்தான் வேண்டுமென்றால், அடியில் துளையிட்ட 20 லிட்டர் வாளியைப் புதைத்து, விளிம்பு தரைமட்டத்துக்கு மேல் 5 செ.மீ. நிற்கும்படி விடுங்கள். விளிம்பு மண்ணில் மூழ்கினால் வாளி இருந்தும் பயனில்லை. விளிம்பைத் தாண்டும் தண்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நறுக்குங்கள்.

அறுவடையில் கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் இரண்டு கணுக்களை விட்டு வெட்டினால் அவற்றிலிருந்து புதுக்கிளைகள் வரும். பூக்கள் தேனீக்களுக்குப் பிடித்தவை. கொஞ்சம் விட்டுவைத்து, விதை முற்றுமுன் வெட்டிவிடுங்கள். இரண்டு வருடத்தில் நடுப்பகுதி கட்டையாகிக் காயும். அப்போது செடியைப் பிரித்து, ஓரத்து இளம் வேர்களைப் புதுமண்ணில் நடுங்கள். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சுநிறப் பொடிப்புள்ளி தெரிந்தால் அது துருநோய். தண்டுகளைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். மறுபடியும் வந்தால் செடியோடு மண்ணையும் மாற்றுங்கள்.

ஏற்கெனவே பாத்தியில் பரவிவிட்டதா? மண்வெட்டியால் கொத்தாதீர்கள், கொத்தக் கொத்தத் துண்டுகள் பெருகும். முதல்நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, தோட்டத்து முள்கரண்டியால் கிளறி, வெள்ளைத் தண்டுகளை முழுநீளமாக உருவுங்கள். ஒரே தடவையில் முடியாது. வாரம் ஒருமுறை பார்த்து, துளிர் தெரிந்த உடனே, அடியில் இருக்கும் துண்டோடு எடுத்துவிடுங்கள்.

எடுத்ததைப் பச்சையாக உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். சிமெண்டுத் தரையில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை வெயிலில் காயவிட்டுப் பிறகு போடலாம். வாய்க்கால் ஓரத்திலோ வேலிக்கு வெளியிலோ வீசவே கூடாது. ஈரமான இடத்தில் ஒரு துண்டு போதும், ஊன்றிக்கொள்ளும். யாருக்காவது நாற்று கொடுத்தால், தொட்டியில் வைக்கச் சொல்லியே கொடுங்கள்.