டர்பைன் ஓடும்போதே ஆயில் கூலரை மாற்றுவது எப்படி?

ஷிஃப்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பயப்படுகிற வேலை இது. வரிசை தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

3000 ஆர்.பி.எம்.மில் சுற்றும் ஸ்டீம் டர்பைனின் பேரிங்குக்குள், அதாவது தண்டைத் தாங்கும் பாகத்துக்குள், எண்ணெய் 45 டிகிரி வாக்கில் போய், 60, 65 என்று சூடாகி டேங்குக்குத் திரும்பும். அந்தச் சூட்டை இறக்குவதுதான் கூலர். குழாய்களுக்குள் தண்ணீர், வெளியே ஷெல்லில் எண்ணெய். கூலர் இரண்டு இருக்கும்; ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்டாண்ட்பை. ஓடுகிற கூலரின் தண்ணீர் வால்வை முழுசாகத் திறந்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குழாய்க்குள் சேறோ உப்போ படிந்திருக்கும்.

முதலில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள், ஹெடர் பிரஷரை, அதாவது பேரிங்குகளுக்குப் போகும் முக்கிய எண்ணெய்க் குழாயின் அழுத்தத்தை, ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்கணும். பிரஷர் விழுந்தால் தானாக ஓடும்படி துணை ஆயில் பம்ப் ஆட்டோவில் இருக்கிறதா?

சரி, இப்போது ஸ்டாண்ட்பை கூலரில் எண்ணெய் நிரப்பணும். காற்று வெளியேறும் வென்டைத் திறந்துவிட்டு, இரண்டு கூலரையும் இணைக்கும் சின்ன ஈக்வலைசிங் வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறங்கள். வென்ட் லைனின் சைட் கிளாஸில், அதாவது உள்ளே பார்க்கும் கண்ணாடியில், முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் நுரை வரும், நுரையைப் பார்த்ததுமே நிரம்பிவிட்டது என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம்; குமிழியே இல்லாமல் எண்ணெய் சீராக ஓடும் வரை அங்கேயே நில்லுங்கள். டேங்க் லெவல் கொஞ்சம் இறங்கும், அது கூலர் குடித்த எண்ணெய்.

காற்று மிச்சமிருக்கும்போது, எண்ணெயை ஒரு கூலரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் வால்வைத் திருப்பினால் பேரிங்குக்குக் காற்றுதான் போகும், பிரஷர் சட்டென்று விழும், டர்பைன் டிரிப், அதாவது தானாக நின்றுவிடும். டிரெய்னியாக இருந்தபோது நுரையை நம்பி நானும் ஹேண்டிலில் கை வைத்தேன். சீனியர் கையைத் தட்டிவிட்டார்.

இனி தண்ணீர். அந்தப் பக்கமும் காற்றை வெளியேற்றிவிட்டு இன்லெட்டை முழுசாகத் திறங்கள், அவுட்லெட்டில் மட்டும் கட்டுப்படுத்துங்கள், அப்போதுதான் குழாய்கள் நிறைந்தே இருக்கும். பிறகு சேஞ்ச் ஓவர் வால்வை மெதுவாகத் திருப்புங்கள். பிரஷர் ஆடினால் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மாற்றியதும் எண்ணெய் சட்டென்று குளிர்ந்துவிடும், சுத்தமான கூலர் அல்லவா, அதனால் தண்ணீரைக் குறைத்து 40, 45க்குள் நிறுத்துங்கள். ரொம்பக் குளிர்ந்தால் எண்ணெய் கெட்டியாகி வைப்ரேஷன் ஏறும்.

சூடு நிலைத்த பிறகுதான் ஈக்வலைசிங் வால்வை மூடிவிட்டுப் பழைய கூலரின் தண்ணீரை நிறுத்தணும். மறுநாள் காலையில் கூலிங் டவர் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பல இடங்களில் எண்ணெய் பிரஷர் தண்ணீரைவிட அதிகமாக வைத்திருப்பார்கள், புதுக் கூலரில் குழாய் ஓட்டையாகியிருந்தால் வானவில் நிறப் படலம் அங்கேதான் மிதக்கும்.