பிக்கப்பின் முன்பக்கத்தை வீட்டிலேயே கொஞ்சம் உயர்த்துவது எப்படி?

பிக்கப் வண்டியை வெறுமனே நிறுத்திப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இது கோளாறு இல்லை. சுமை ஏற்றினால் பின்பக்கம் இறங்கும் என்று கணக்குப் போட்டே அப்படிச் செய்திருக்கிறார்கள். சுமை அதிகம் ஏற்றாதவர்கள் முன்பக்கத்தை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயர்த்திச் சமமாக்கிக்கொள்ள விரும்புவார்கள். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தினமும் சிமெண்ட் மூட்டையும் கருவிப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு துவாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற வண்டிக்கு இது வேண்டாம். பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் கண்ணில் உங்கள் விளக்கு அடிக்கும்.

முதலில் காகித வேலை. சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. முன்பக்கத்தை உயர்த்த நீங்கள் வாங்கப்போகும் சாமான் செட் உங்கள் மாடலில் எந்த வகையில் வரும் என்று ஆணையத்திடமோ பரிசோதனை நிலையத்திடமோ எழுத்தில் கேட்டு வையுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், பின்னால் அல்ல. காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அப்புறம், நீங்கள் தினமும் நிறுத்தும் அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தின் உயர வரம்பையும், கூரையில் ஏணிச் சட்டம் இருந்தால் அதன் உயரத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அடுத்தது இடம். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார்நிறுத்துமிடம் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்க்கும் இடம் இல்லை, அங்கே இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தரைவீட்டில் இருக்கும் மாமாவோ நண்பரோ இருந்தால் அவர்கள் வீட்டு முகப்பு சரிப்படும். ஆனால் மழைநீர் வடிய அந்தத் தளத்தைச் சாக்கடைப் பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். சரிவில் ஜாக்கி வைக்கக் கூடாது. சமதளம் கிடைக்கவில்லை என்றால், காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ தெரிந்த பட்டறைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை ஓர் இடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைச் சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் ஆர்ம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஸ்பிரிங் சுற்றிய அப்சார்பர் (அதிர்வு தாங்கி) தெரிந்தால் இந்த முறை பொருந்தும். 2005க்குப் பிந்தைய டொயோட்டா ஹைலக்ஸ், இரண்டாம் தலைமுறை இசுசு டி-மேக்ஸ் எல்லாம் இந்த வகை. பழைய டி-மேக்ஸில் ஸ்பிரிங் இருக்காது, நீளமான முறுக்குக் கம்பி ஒன்று சேஸியோடு போகும். அதை உயர்த்தும் வழியே வேறு.

கடையில் இரண்டு வகைச் சாமான் காட்டுவார்கள். ஒன்று, அப்சார்பரின் தலையில் வைக்கும் வட்டமான ஸ்பேசர். விலை குறைவு. அப்சார்பர் கீழ் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருப்பதால், அரை அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்திவிடும். இது தெரியாமல் இரண்டு அங்குல ஸ்பேசர் வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் மேல் பால் ஜாயிண்ட், அதாவது மேல் ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்பையும் இணைக்கும் உருண்டை மூட்டு, எல்லை மீறி வளைந்து நிற்கும். இரண்டாவது, ஸ்பிரிங், அப்சார்பர், மேல் மவுண்ட் எல்லாம் பொருத்தியே வரும் முழு செட். புதியவர் வாங்க வேண்டியது இதைத்தான். இதில் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

பானெட்டைத் திறந்தால் அப்சார்பரின் தலை தெரியும். சுற்றிலும் மூன்று நட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டு. சுற்றியுள்ள மூன்றும் செட்டை வண்டியோடு பிடித்திருப்பவை. நடு நட்டு, நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. அதைக் கழற்றினால் முழு செட்டும் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள்.

கழற்றுதல்

முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்பக்கத்தின் இரண்டு பக்கமும் சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிச் செய்யாதீர்கள். இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு உங்களோடு மல்லுக்கட்டும். ஸ்டாண்டில் நின்றதும் வண்டியைக் கையால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தை சேஸிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டு நழுவினாலும் உயிர் பிழைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. துணைக்கு ஓர் ஆள் கட்டாயம்.

இனி ஒவ்வொரு பக்கமாக. ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) வயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை முதலில் விடுவியுங்கள். ஸ்டெபிலைசர் கம்பியின் முனையில் இருக்கும் இணைப்புத் துண்டான லிங்கைக் கழற்றுங்கள். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

மேல் பால் ஜாயிண்டில்தான் நேரம் போகும். பிளவு ஊசியை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் நாலைந்து புரி மிச்சம் இருக்கட்டும். இப்போது சுத்தியலால் அடிக்க வேண்டியது தண்டை அல்ல, தண்டு நுழைந்திருக்கும் நக்கிளின் பக்கவாட்டை. நச்சென்று இரண்டு மூன்று அடி. ‘டொக்’ என்று சத்தம் மாறி ஜாயிண்ட் விடுபடும், மிச்சமிருக்கும் நட்டு அதை விழாமல் பிடித்துக்கொள்ளும். தண்டின் தலையில் அடித்தால் புரி நசுங்கி, நட்டு திரும்ப ஏறாது. (ஞாயிறு காலை ஏழு மணிக்கு இந்த அடியை ஆரம்பிக்காதீர்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்ப்பார்.) நட்டை முழுதாக எடுத்ததும் நக்கிளை மேல் ஆர்மோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸை இழுக்கும், நாற்சக்கர இயக்க வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டையும் உருவிவிடும்.

அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுங்கள். மேலே மூன்று நட்டில் இரண்டை எடுத்து, மூன்றாவதைத் தளர்த்தி விடுங்கள். துணை ஆள் செட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்ட பிறகே மூன்றாவது வெளியே வரலாம். ஜாக்கியை மெல்ல இறக்கினால் கீழ் ஆர்ம் தாழ்ந்து வழி விடும்.

பொருத்துதல்

புதிய செட்டில் இடம், வலம் என்று குறித்திருந்தால் மாற்றிப் போடாதீர்கள். மேல் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, ஜாக்கியால் கீழ் ஆர்மைத் தூக்கி ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து போல்ட்டைத் தள்ளுங்கள். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். பால் ஜாயிண்டுக்குப் புதிய பிளவு ஊசி போடுங்கள். ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது.

மேல் நட்டு, பால் ஜாயிண்ட், லிங்க் எல்லாவற்றையும் உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கலாம். கீழ் போல்ட்டை மட்டும் இப்போது முழுதாக இறுக்காதீர்கள். அதற்குள் இருப்பது ரப்பர் புஷ். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே கிடக்கும். கொஞ்ச காலத்தில் கிழிந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘கிரீச்’ என்று கத்தும். செட் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் வண்டியில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி விட்டு, வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துக் கீழ் போல்ட்டை எட்டி, அப்போது இறுக்குங்கள்.

கிளம்பும் முன்

ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸும் வயரும் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உயரத்தை மறுபடி அளந்து பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். சஸ்பென்ஷன் படிய நாளாகும், அதனால் சில மில்லிமீட்டர் இறங்கும்.

பிறகு விரைவுச்சாலையைத் தவிர்த்து, மெதுவாக ஓட்டி நேரே அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். முன்பக்கம் உயர்ந்தால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணம்) மூன்றும் மாறும். கேஸ்டர் குறைந்தால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, டோ கெட்டால் புது டயரும் ஓரம் தேய்ந்துவிடும். முகப்பு விளக்கின் கோணத்தையும் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டையும் மற்ற போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பழைய செட்டைக் காராங்குனிக்காரருக்கு (பழைய சாமான் வாங்குபவருக்கு) கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனையில் பழையதையே போடச் சொன்னால் அதுதான் கைகொடுக்கும். இடம், வலம் என்று எழுதி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள்.