கோடையில் இச்சி போன்சாயின் பெருங்கிளையை எடுக்கும் முறை

இச்சி, ஆல், அரசு மூன்றும் வெட்டைத் தாங்கும் மரங்கள். கட்டை விரலைவிடப் பருமனான கிளையை அடியோடு எடுத்தாலும் வெட்டுக்காயத்தால் மட்டும் அவை சாவது அரிது. அப்படியும் ஏப்ரல், மே மாதங்களில் பெருங்கிளை எடுத்த மரங்கள் மூன்று நான்கு வாரத்தில் இலை கொட்டிப் பட்டுப்போவதை மொட்டைமாடித் தோட்டங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

காரணம் இரண்டு. கிளை போனால் இலை குறைகிறது, இலை குறைந்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறைகிறது. ஊற்றுகிறவரோ வெயிலைப் பார்த்து முன்பு ஊற்றிய அளவே ஊற்றுகிறார், சில சமயம் கூடுதலாகவும். தொட்டி காய நேரமில்லாமல் வேர் அழுகுகிறது. இன்னொன்று, அந்தக் கிளையின் நிழலிலேயே வளர்ந்த தண்டுப் பட்டை ஒரே நாளில் மேற்கு வெயிலுக்கு நேராக நிற்கிறது. இரண்டு மூன்று மதியங்களிலேயே பட்டை வெந்து, பிறகு வெடித்து உரிகிறது. அதனால் கிளை வெட்டுவதையும் கோடைப் பராமரிப்பையும் தனித்தனி வேலையாக நினைக்கக் கூடாது. ரம்பத்தை எடுக்கும் முன்பே நிழலும் தண்ணீரும் முடிவாகியிருக்க வேண்டும்.

எப்போது வெட்டுவது

தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்கு இரண்டு நல்ல காலங்கள் உண்டு. மாசி பிறந்து புதுத்துளிர் தலைகாட்டும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை ஒன்று. கத்திரி முடிந்து சூடு இறங்கிய பிறகு இன்னொன்று: கோவை, தேனிப் பக்கம் ஜூன் முதல் வாரமே போதும், சென்னை, வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் ஜூலை நடு வரை பொறுப்பது நல்லது. இச்சியும் ஆலும் வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த நாட்களில்தான் காயத்தை வேகமாக மூடும். மார்கழிக் குளிரில் வெட்டினால் காயம் அப்படியே உறங்கும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் பெரிய வெட்டு வேண்டாம். காற்றில் கிளை முறிந்துவிட்டால் மட்டும், பிசிறைச் சீவிப் பசை பூசி, மரத்தை நிழலுக்கு மாற்றிவிட்டு மீதி வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மரம் வெட்டுக்குத் தயாரா என்பதை அதன் நுனிகள் சொல்லும். கடந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு நுனியிலும் ஐந்தாறு புது இலை வந்திருக்க வேண்டும். போன மாதம் தொட்டி மாற்றிய மரம், மாவுப்பூச்சி பிடித்த மரம், இலை மஞ்சளாக நிற்கும் மரம் எதையும் தொடாதீர்கள். பெருங்கிளை வெட்டையும் வேர்க் கவாத்தையும் ஒரே நாளில் செய்யும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இச்சி சில முறை பிழைத்துக்கொள்வதால் அந்தப் பழக்கம் தொடர்கிறது. கோடையில் அந்தத் துணிச்சல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு வளர்ச்சிப் பருவம் விடுங்கள்.

கருவிகள்

இழுக்கும்போது வெட்டும் மடக்கு ரம்பம், கவாத்துக் கத்தரி, கான்கேவ் கட்டர் (கிளையின் அடியைக் குழியாகக் கடித்தெடுக்கும் வெட்டி), நாப் கட்டர் (கட்டையைக் குழிக்கும் உருண்டை வாய் வெட்டி), ஒட்டுக்கட்டும் கத்தி. எட்டு அங்குல கான்கேவ் கட்டரால் ஒன்றரை சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் கடிக்கக் கூடாது. கடித்த நிலையில் கையை முறுக்கினால் வாய் விலகிவிடும். நாப் கட்டர் இல்லாதவர்கள் சிறிய குழி உளியால் சமாளிக்கலாம். எல்லா அலகையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கையுறை அவசியம். இச்சிப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அலகில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

வெட்டு

தண்டு 7 சென்டிமீட்டர், எடுக்க வேண்டிய கிளை 3 சென்டிமீட்டர் பருமன் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வெட்டும் நாளில் மேல்மண் சற்று உலர்ந்திருக்கட்டும். காலை வெயில் ஏறும் முன்போ, ஐந்து மணிக்குப் பிறகோ வேலையைத் தொடங்குங்கள்.

தண்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள். அதற்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை தன் கனத்தில் சாயும்போது உரியும் பட்டை அந்த அடிவெட்டோடு நின்றுவிடும். அடிவெட்டு போடாமல் மேலிருந்தே அறுத்தால், கடைசி அரை சென்டிமீட்டரில் கிளை தொங்கி, தண்டுப் பட்டையையும் நாராகக் கிழித்துக்கொண்டு இறங்கும். அந்தத் தழும்பு வருடக்கணக்கில் மறையாது.

இப்போது கிளையின் மீதிக் கட்டை ஒரு முளையாக நிற்கிறது. அதை அன்றே தண்டோடு எடுப்பதா, விட்டுவைப்பதா? பக்கக் கிளையை எடுத்திருந்தால், அதற்கு மேலே இலையுள்ள பகுதி இருந்தால், அன்றே எடுக்கலாம். தண்டின் தலையையே வெட்டியிருந்தால் 2 முதல் 3 சென்டிமீட்டர் முளையை விட்டு வையுங்கள். தலைவெட்டில் மரம் எந்தக் கணு வரை காயும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் துளிர் எங்கே வருகிறது என்று காட்டிய பிறகு, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருக்கும் இடம் உயிருள்ளது, பழுப்பாக உலர்ந்த இடம் போனது. அதைப் பார்த்து இறுதி வெட்டைப் போடலாம்.

முளையை எடுக்கும்போது கிளை தண்டில் சேரும் இடத்தில் வளையம் போல் புடைத்திருக்கும் மேட்டைப் பாருங்கள். அந்த மேட்டைத் தாண்டித் தண்டுக்குள் ரம்பம் போகக் கூடாது. மேட்டுக்கு வெளியே அறுத்துவிட்டு, நடுக்கட்டையை மட்டும் நாப் கட்டரால் குழிக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் அகலக் காயத்துக்கு நடுவில் 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். இச்சி காயத்தை மூடும்போது ஓரத்திலிருந்து தடித்த உதடு போல் வளர்த்துக்கொண்டு வரும். சமமாக வெட்டினால் அந்த உதடு கூடி முண்டாக நிற்கும், குழித்திருந்தால் தண்டோடு சமமாகும். குழியின் அடிவிளிம்பு கிண்ணம் போல் தண்ணீர் தேக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைச் சற்றுச் சரித்துவிடுங்கள்.

காயத்தின் வடிவமும் முக்கியம். வட்டமாக விட்டால் மேல்முனையும் கீழ்முனையும் பட்டினி கிடக்கும், ஏனென்றால் இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியே மேலிருந்து கீழே இறங்குகிறது. மேலும் கீழும் கூராக, வேப்பங்கொட்டை நிமிர்ந்து நிற்பதுபோல் விளிம்பைத் திருத்தினால் உணவு காயத்தைச் சுற்றி ஓடி ஓரங்களுக்குச் சேரும்.

கடைசியாக, ஒட்டுக்கட்டும் கத்தியால் விளிம்பு முழுவதையும் ஒரு சுற்று சீவுங்கள். கிட்ட வைத்துப் பார்த்தால் வெளியே பழுப்புப் பட்டை, அதற்குள் வெளிர்ப்பச்சை, அதற்குள் ஈரமாக வழவழக்கும் நூலளவுப் படலம், பிறகு வெள்ளைக்கட்டை என்று நான்கு நிறம் தெரியும். காயத்தை மூடும் புதுத்தழும்பு பிறப்பது அந்த நூலளவுப் படலத்தில்தான். ரம்பம் அதை நசுக்கிப் பிசிறாக்கியிருக்கும். ரம்பம் பட்ட விளிம்பை அப்படியே விட்டால் ஓரம் காய்ந்து பின்வாங்கி, காயம் நீங்கள் வெட்டியதைவிடப் பெரிதாகிவிடும்.

பாலும் பசையும்

வெட்டிய உடனே பால் ஒழுகும். ஈரப் பாலின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. குளிர்ந்த தண்ணீரைத் தெளிப்பானால் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, ஈரப்பஞ்சால் ஒற்றி எடுங்கள். பால் நின்றதும் பூசுங்கள்.

போன்சாய்க்கென்று விற்கும் களிமண் பதத்துக் காயப்பசை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அது இறுகி வெடிக்காமல் விளிம்பை ஈரமாக வைத்திருக்கும், தழும்பு வளர வளர விலகிக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் விளிம்பில் மட்டும் வாஸ்லைன், நடுக்கட்டையில் போர்டோ பசை. தென்னை, மா விவசாயிகள் பயன்படுத்தும் அதே பசைதான். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 மில்லி தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 மில்லி தண்ணீரிலும் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்று கலக்கி அன்றே தீர்த்துவிடுங்கள்.

பெயின்ட், தார், எம்-சீல் வேண்டாம். கோடையில் கறுப்புப் பூச்சு சூட்டை இழுத்துக் காயத்தை வேகவைக்கும். எம்-சீல் கல்லாகி, தழும்பு உருண்டு வரும் வழியை அடைக்கும். மஞ்சள் பூசுவதை விரும்புகிறவர்கள் பூசலாம். தூள் ஈரத்தைப் பிடித்துவைக்காது, அதனால் மேலே வாஸ்லைன் கட்டாயம்.

வெட்டுக்குப் பின் மூன்று வாரம்

50 சதவீத நிழல்வலையின் கீழ் வையுங்கள். வலை தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கட்டும், செடியை ஒட்டி இருந்தால் சூடான காற்று அடியில் தேங்கும். மேற்குப் பக்கமும் ஒரு வலை தொங்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயில்தான் பட்டையைச் சுடுவது. காயம் கிழக்கு அல்லது வடக்கைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வையுங்கள். புதிதாக வெயிலுக்கு வந்த தண்டுப் பகுதியில் வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சுற்று தளர்வாகச் சுற்றலாம். ஈரப்பாசி வைத்துக் கட்டாதீர்கள், இச்சியும் ஆலும் அந்த இடத்தில் வேர் விட்டுவிடும். (விழுது வேண்டிய இடமாக இருந்தால் அதே வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

தொட்டியைத் தளத்தில் நேராக வைக்கவே கூடாது. ஏப்ரல் மதியத்தில் சிமென்ட் தளம் வெறுங்காலால் மிதிக்க முடியாத சூட்டில் இருக்கும், அந்தச் சூடு தொட்டியின் அடியிலுள்ள வேருக்கு நேராகப் போகும். இரண்டரை அடி உயர மரப்பலகை நல்லது. அதற்கு வழியில்லை என்றால் செங்கல் அடுக்கி, நடுவே காற்றுப்போக இடைவெளி விட்டு வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் வெளியே ஈரச்சாக்கு சுற்றுங்கள்.

தண்ணீர்தான் பலரும் தவறும் இடம். மணி பார்த்து ஊற்றாதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றை மண்ணில் மூன்று சென்டிமீட்டர் செருகி வைத்து, காலையும் மாலையும் உருவிப் பாருங்கள். குச்சி கருத்து, குளிர்ந்து வந்தால் விடுங்கள். நிறம் வெளுக்கத் தொடங்கியிருந்தால் தொட்டியின் அடித்துளையில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். வெட்டுக்கு முன் இரண்டு வேளை கேட்ட மரம், வெட்டிய பின் ஒரு வேளையோடு நிற்கலாம். துளிர் விரிந்து இலை கூடக் கூட மறுபடி இரண்டு வேளை கேட்கும்.

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் இன்னொரு ஆபத்து. வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் முதலில் வருவது கொதிநீர். கையில் பிடித்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகே மரத்துக்குத் திருப்புங்கள். முந்தின இரவே வாளியில் பிடித்து நிழலில் வைப்பது இன்னும் நிம்மதி. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அடர்த்தி.

மண்ணில் தென்னைநார்க் கழிவு அதிகமாக இருந்தால், முழுக்கக் காய்ந்த பிறகு அது தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாகவே வழிந்து அடியில் வந்துவிடும், நடுவேர் வறண்டிருக்கும். அப்படித் தெரிந்தால் தொட்டியை விளிம்பு வரை தண்ணீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். அடுத்த முறை மண் மாற்றும்போது 3 முதல் 5 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி ஐந்து பங்கு, சலித்த பருமணல் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று வையுங்கள். செங்கல் தூளைச் சலித்து எறிய மறக்கக் கூடாது. தூள் அடியில் இறங்கிச் சேறாகும்.

உரம், புதுக்கிளைகளில் நான்கைந்து இலை முற்றும் வரை வேண்டாம். பிறகு ஊறவைத்த கடலைப்புண்ணாக்குக் கரைசலை இருபது மடங்கு தண்ணீர் சேர்த்து, ஏற்கெனவே ஈரமான மண்ணில் விடுங்கள். இளந்துளிரில் மாவுப்பூச்சியும், இச்சி இலையைப் படகுபோல் மடித்து உள்ளே குடியிருக்கும் இலைப்பேனும் வரும். மடிந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை கருகும். பசைக்கு அடியில் எறும்பு வருகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சியின் பின்னாலேயே எறும்பும் நடமாடும்.

மற்ற மரங்களுக்கு இதே முறை அப்படியே பொருந்தாது. இச்சியின் உறவான ஃபைகஸ் பெஞ்சமினாவில் இலையில்லாமல் வெட்டிய கிளை பெரும்பாலும் காய்ந்துபோகும், வைத்துக்கொள்ள நினைக்கும் ஒவ்வொரு கிளையிலும் சில இலையாவது இருக்க வேண்டும். காகிதப்பூவின் கட்டை சீக்கிரம் மக்கும், பெரிய காயத்தை அது மூடுவதும் அபூர்வம். அங்கே காயத்தை உலரவைத்துக் காப்பதே வேலை. புளி துளிர்க்கும், ஆனால் தழும்பு மெதுவாகத்தான் வரும்.

ஆறு மாதம் கழித்து

தழும்பின் உதடு நகர்வதை நிறுத்திவிட்டால், வளர்ச்சிக் காலத்தில் அதன் உள்விளிம்பை மட்டும் கத்தியால் ஒரு மில்லிமீட்டர் சீவிப் புதுப்பசை பூசுங்கள். மறுபடி உருளத் தொடங்கும். காயத்துக்கு அருகே வரும் ஒரு துளிரைக் கிள்ளாமல் நீள விட்டால் மூடும் வேகம் கூடும், வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம். தண்டின் அகலத்தில் பாதிக்கு மேல் வரும் காயத்தை முதலிலேயே இரண்டு தவணையாகத் திறப்பது நல்லது: ஒரு பாதி மூடிய பின் மறுபாதி.

வெட்டிய கிளையை எறிய வேண்டாம். 25 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போத்தாக நறுக்கி, நுனியில் இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு, பாலைக் கழுவி, பருமணல் நிரப்பிய தொட்டியில் 8 சென்டிமீட்டர் ஆழம் ஊன்றி நிழலில் வையுங்கள். புது இலை வந்ததும் ஆவலில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். கட்டையில் இருக்கும் சத்திலேயே முதல் இலைகள் வந்துவிடும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்த பிறகு இடம் மாற்றலாம்.