.223-இல் மான் வேட்டையா? முதலில் குண்டைப் பாருங்கள்

மான் வேட்டைக்கு .223 போன்ற சிறிய காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) ரைஃபிள் எடுக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது குண்டைத்தான். சிறு பிராணிகளுக்கான மெல்லிய உறைக் குண்டு தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து துடிக்கும். அது பெரிய கொடுமை. 60 கிரெயினோ (குண்டின் எடை அளவு; 60 என்றால் சுமார் 3.9 கிராம்) அதற்கு மேலோ உள்ள, உடையாமல் விரிந்து ஆழமாக இறங்கும் குண்டுதான் சரி. அப்புறம் குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள் பள்ளம்: அது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளமான கனத்த குண்டு பெரும்பாலும் நிலையாகப் பறக்காது. 100 மீட்டருக்குள், மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னே குறிவையுங்கள். கோணலாக நின்றால் சுடாதீர்கள். சில இடங்களில் இந்தக் காலிபருக்கே தடை உண்டு, முன்பே விசாரியுங்கள். .22 ரிம்ஃபயர் என்ற சக்தி குறைந்த சிறு தோட்டா மட்டும் மானுக்கு வேண்டவே வேண்டாம்.